தேர்ந்து தெளிதல்: பஞ்சரான டயரைச் செப்பனிடுவதன் அறம்

காரின் டயரில் ஆணி ஏறிக் காற்று இறங்கிவிட்டால், அதைச் செப்பனிட்டு மீண்டும் ஓட்டலாமா என்னும் கேள்வி முதல் நோக்கில் தொழில்நுட்பம் சார்ந்த ஒன்றாகவே தோன்றும். ஓட்டையின் அளவு, அது விழுந்த இடம், ஒட்டும் முறை ஆகியவற்றைச் சொல்லிவிட்டால் விடை கிடைத்துவிடும் என்று எண்ணுவதும் இயல்பே. ஆயினும் செப்பனிட்ட டயரை நம்பி நெடுஞ்சாலையில் செல்பவர், தம் கண்ணால் காணாத ஓர் உட்புறத்தின் நலத்தை நம்பித் தம் உயிரையும் உடன் வருவோர் உயிரையும் பணயம் வைக்கிறார். ஆகவே இக்கேள்வியின் அடியில் இன்னும் பழைய கேள்வி ஒன்று கிடக்கிறது. காணாத ஒன்றை நம்புவதற்கு முன் எவ்வளவு அறிந்திருக்க வேண்டும், அவ்வளவு அறியாமல் நம்புவது வெறும் அறியாமையா அறக்குற்றமா என்பதே அது. பௌத்தத் தருக்கமும், சமண அறநூல்களும், நியாய மரபும், திருக்குறளும், 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நடந்த நம்பிக்கையின் அறம் பற்றிய விவாதமும் இக்கேள்வியை நேராக எதிர்கொண்டிருக்கின்றன.

செப்பனிட்ட பொருள் பழைய நிலைக்கே திரும்பிவிடுகிறதா, பழைய பணியைச் செய்யும் தகுதியை மட்டும் பெறுகிறதா என்பதை முதலில் வரையறுத்துக்கொள்ள வேண்டும். டயரின் ரப்பர் கந்தகம் சேர்த்துச் சூடாக்கப்பட்ட ரப்பர். சார்ல்ஸ் குட்இயர் 1844இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற இந்த முறைக்கு வல்கனைசேஷன் என்று பெயர். இதில் ரப்பரின் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகளுக்கு இடையே கந்தகம் குறுக்குப் பிணைப்புகளை உண்டாக்குவதால், கோடையில் இளகிக் குளிரில் விறைத்துப்போகும் பிசின் உறுதியும் மீள்தன்மையும் உடைய பொருளாகிறது. அவ்வாறு பிணைந்த ரப்பரை மெழுகைப்போல உருக்கி மீண்டும் ஒன்றாக்க இயலாது. உயிருள்ள உடலின் புண் உள்ளிருந்தே ஆறுகிறது. டயரின் துளைக்கு அத்தகைய ஆறுதல் கிடையாது. அதில் செய்யப்படும் ஒவ்வொரு செப்பனிடலும் வெளியிலிருந்து கொண்டுவந்து சேர்க்கும் ஒட்டுதான். எனவே புதிய டயரின் நிலைக்கு அது திரும்பிவிட்டதா என்று கேட்பதற்குப் பயனில்லை. அது செய்ய வேண்டிய பணியைத் தளராமல் செய்யுமா என்றே கேட்க வேண்டும்.

அந்தப் பணியை உணர டயரின் அடுக்குகளை அறிய வேண்டும். மிஷ்லின் நிறுவனம் 1946இல் காப்புரிமை பெற்ற ரேடியல் அமைப்பே இன்றைய கார் டயர்களின் அடிப்படை. அதன் மிக உள்ளே காற்றைக் கசியவிடாத பியூட்டைல் வகை ரப்பராலான உள்ளுறை இருக்கிறது. அதன்மேல் விளிம்பிலிருந்து விளிம்புவரை ஓடும் இழையடுக்கும், அதற்கும் மேல் எஃகுக் கம்பிகள் பொதிந்த பட்டைகளும், எல்லாவற்றுக்கும் வெளியே சாலையைத் தொடும், பேச்சுவழக்கில் பட்டன் எனப்படும், தடித்த ரப்பரும் அமைகின்றன. டியூப்லெஸ் டயரில் தனி டியூப் இல்லாமையால் காற்றைத் தாங்கும் பொறுப்பு முழுவதும் உள்ளுறையுடையது. ஆணி இவ்வடுக்குகள் அனைத்தையும் ஊடுருவுகிறபோது இரண்டு தீங்குகள் ஒருங்கே நேர்கின்றன. காற்று வெளியேறுவது கண்ணுக்குத் தெரியும் தீங்கு. துளையின் வழியே சாலை நீர் உள்ளே சென்று எஃகுக் கம்பிகளைத் துருவேற்றி, நாளடைவில் அடுக்குகள் ஒன்றை ஒன்று விட்டுப் பிரியச் செய்வது கண்ணுக்குத் தெரியாத தீங்கு.

ஆகவே முறையான செப்பனிடல் இரண்டு வேலைகளைச் செய்ய வேண்டும்: துளையின் வழியை முழுவதும் அடைக்க வேண்டும், உள்ளுறையை உட்புறத்திலிருந்து மூட வேண்டும். இதற்கு டயரை ரிம்மிலிருந்து கழற்றி, உட்புறம் முழுவதையும் பார்த்து, துளையைத் துப்புரவாக்கி, சுற்றியுள்ள உள்ளுறையைச் சுரண்டிச் சொரசொரப்பாக்கி, சொல்யூஷன் தடவி, காளான் வடிவ ஒட்டின் தண்டைத் துளைக்குள் இழுத்து, அதன் தலைப்பகுதி உள்ளுறையோடு ஒட்டும்படி உருளையால் அழுத்துகிறார்கள். துளை ஏறத்தாழ 6 மில்லிமீட்டருக்கு மேற்படாமலும், தரையைத் தொடும் பகுதியின் நடுவிலும் இருந்தால் மட்டுமே கார் டயரைச் செப்பனிடலாம் என்பது டயர்த் தொழிலில் பரவலாக ஏற்கப்பட்ட வரம்பு. தோள்பட்டை எனப்படும் ஓரமும் பக்கச்சுவரும் இவ்வரம்புக்கு வெளியே நிற்பதற்குத் தெளிவான காரணம் உண்டு. 1.9 மீட்டர் சுற்றளவுள்ள டயர் மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு 13 முறை சுழல்கிறது. பக்கச்சுவரின் ஒவ்வோர் இடமும் தரைக்கு நேரே வரும்போதெல்லாம் வளைந்து நிமிர்வதால், ஒரு மணி நேரத்தில் அது 47,000 முறைக்கு மேல் வளைகிறது. அந்த இடத்தில் இழை அறுந்திருந்தால், மேலே ஒட்டிய எதுவும் அறுந்த இழையின் வலிமையைத் திருப்பித் தராது.

இவ்வளவும் துளையைப் பற்றியவை. துளையைவிடக் கொடிய சேதம் துளைக்கு அப்பால் இருக்கக்கூடும் என்பதே இப்பொருளில் தத்துவத்துக்கு வாயில் திறக்கும் செய்தி. காற்றுக் குறைந்த நிலையில் சிறிது தொலைவு ஓட்டப்பட்டாலும், வண்டியின் எடையால் பக்கச்சுவர் மடிந்து மடிந்து சூடேறுகிறது. உள்ளே இழைகள் நைந்து, ரப்பர் துகளாக உதிர்ந்து, உட்சுவரில் வளையம்போன்ற தடம் விழுகிறது. அந்த டயரில் மீண்டும் காற்றடைத்தால் வெளித்தோற்றம் பழையபடியே நிமிர்ந்து நிற்கக்கூடும். டயரைக் கழற்றாமல் வெளியிலிருந்தே பசை ஏறிய திரியைத் துளைக்குள் செருகும் முறையில் இந்தச் சேதத்தைக் காண வழியே இல்லை. திரி காற்றை நிறுத்திவிடுகிறது. காற்று நின்றதைக் கண்டவர் டயர் உறுதியாகிவிட்டது என்று முடிவு கட்டுகிறார்.

இந்த முடிவில் உள்ள பிழைக்குத் தமிழ்க் காப்பியமான மணிமேகலை பெயரிட்டிருக்கிறது. அதன் 29ஆம் காதையில் காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்குப் பௌத்தத் தருக்கத்தைக் கற்பிக்கிறார். அறிவுக்கு வாயில்கள் காட்சியும் கருதலும் என்றும், கருதலுக்கு ஏது எனப்படும் காரணம் குற்றமற்றதாக இருக்க வேண்டும் என்றும் அங்கே நிறுவப்படுகிறது. நிறுவ விரும்பும் பண்பு உள்ள இடங்கள் சபக்கம். அப்பண்பு இல்லாத இடங்கள் விபக்கம். புகையைக் கண்டு மலையில் நெருப்பை ஊகிப்பது செல்லுபடியாவதற்குக் காரணம், நெருப்பில்லாத இடத்தில் புகை காணப்படாமையே. சபக்கம், விபக்கம் இரண்டிலும் காணப்படும் ஏது எதையும் நிறுவாது. அதனை அநைகாந்திகம் என்னும் ஏதுப்போலியாக, அதாவது காரணம்போலத் தோன்றும் காரணமல்லாததாக, அந்நூல் வகைப்படுத்துகிறது. காற்று நிற்பது உறுதியான டயரிலும் உண்டு, இழை நைந்த டயரிலும் உண்டு. ஆகையால் காற்று நிற்கிறது என்னும் ஏதுவிலிருந்து டயர் உறுதியானது என்னும் முடிவு பிறக்காது; காற்று நிற்கிறது என்பது மட்டுமே தெரிந்திருக்கிறது.

இதே அளவுகோல், வெளியிலிருந்து திரி செருகிய டயரில் பல ஆண்டுகள் ஓட்டியும் ஒன்றும் நேரவில்லை என்னும் வாதத்துக்கும் பொருந்தும். அனுபவத்துக்கு மதிப்பில்லை என்று சொல்ல முடியாது. திரியிட்ட டயர்கள் எல்லாம் வெடித்துவிடுவதும் இல்லை. ஆனால் நேராமை என்பது உட்புறம் கெடாத டயருக்கும், கெட்டும் இன்னும் கடைசி எல்லையை எட்டாத டயருக்கும் பொதுவானது. அன்றாடம் நகருக்குள் மெதுவாகச் செல்லும் வண்டியில் தாங்கிய ஒட்டு, நடுக்கோடையில் முழுச் சுமையோடு நெடுந்தொலைவு ஓடும்போதும் தாங்கும் என்பதற்கு முந்தைய அனுபவம் உறுதி தராது. கெட்டது வெளிப்படும் அந்த ஒரு வேளை வரும்வரை இரண்டும் ஒரே தோற்றம் காட்டும் என்பதால், கடந்த காலத்தின் அமைதியை எதிர்காலத்தின் சான்றாகக் கொள்வது பிழையாகிறது.

பிழையான கருதல் எப்போது அறக்குற்றமாகிறது என்பதை ஆங்கிலேயக் கணிதவியலாளரும் மெய்யியலாளருமான வில்லியம் கிங்டன் கிளிஃபோர்ட் 1877இல் வெளியிட்ட நம்பிக்கையின் அறம் என்னும் கட்டுரையில் ஆராய்ந்தார். புலம்பெயரும் குடும்பங்களை ஏற்றிச் செல்லவிருக்கும் ஒரு கப்பலின் உரிமையாளரை அவர் எடுத்துக்காட்டாகக் கொண்டார். கப்பல் பழையது, பலமுறை செப்பனிடப்பட்டது. அதைப் பிரித்துப் பார்த்துச் சீரமைக்க வேண்டுமோ என்னும் ஐயம் உரிமையாளர் மனத்தில் எழுகிறது. செலவை எண்ணி அவர் அந்த ஐயத்தை அடக்குகிறார்: இத்தனை பயணங்களில் தாங்கிய கப்பல் இதிலும் தாங்கும், நல்வாழ்வு தேடிச் செல்லும் இக்குடும்பங்களை இறைவன் காப்பான் என்று தம்மைத் தாமே தேற்றிக்கொண்டு மனமார நம்பிவிடுகிறார். கப்பல் மூழ்குகிறது. அவர் உண்மையாகவே நம்பினார் என்பது அவரை விடுவிக்காது, ஏனெனில் அந்த நம்பிக்கையை அவர் ஆராய்ந்து ஈட்டவில்லை, ஐயத்தை அடக்கிப் பெற்றார் என்பது கிளிஃபோர்டின் முடிவு. கப்பல் மூழ்காமல் கரை சேர்ந்திருந்தாலும் அவர் குற்றவாளியே, அப்போது அவருடைய குற்றம் வெளிப்படாமல் போயிருக்கும் என்பது மட்டுமே வேறுபாடு என்று அவர் மேலும் சொன்னார். உட்புறத்தைப் பார்க்காமல் ஒட்டிய டயருக்கு இவ்வாதம் ஒரு சொல் மாறாமல் பொருந்துகிறது.

கப்பல் உரிமையாளர் இறையருளைத் துணைக்கு அழைத்தது கருதத்தக்கது, ஏனெனில் சமய நம்பிக்கைக்கும் கவனமின்மைக்கும் இடையிலான எல்லை இங்கே மங்கிவிடுகிறது. தமிழ்நாட்டில் வண்டிக்குப் பூசையிட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றிப் புறப்படுவது பரவலான வழக்கம். அந்த வழக்கத்தின் உள்ளியல்பை ஆயுத பூசை நன்கு காட்டுகிறது: அன்று கருவிகளைப் பூசையில் வைப்பதற்கு முன் அவற்றைக் கழுவித் துடைத்து, பட்டறை முழுவதையும் துப்புரவு செய்கிறார்கள். ஆண்டுதோறும் ஒருமுறையேனும் ஒவ்வொரு கருவியும் கையிலெடுத்துப் பார்க்கப்படுகிறது. ஆராயும் கவனம் வழிபாட்டுக்கு முன்நிபந்தனையாக அவ்வழிபாட்டுக்குள்ளேயே அமைந்திருக்கிறது. மனிதர் பார்க்கக்கூடியதைப் பார்த்து முடித்தபின், அவர் ஆற்றலுக்கு அப்பாற்பட்டதை இறைவனிடம் விடுவது பக்தி. பார்க்கக்கூடியதையே பார்க்க மறுத்து, அந்த மறுப்புக்கு இறைவன் பெயரைச் சூட்டுவது பக்தியாகாது. கிளிஃபோர்டின் உரிமையாளர் செய்தது அதுவே.

கிளிஃபோர்டின் கண்டிப்பு எல்லாச் சூழலுக்கும் பொருந்தாது என்று அமெரிக்க மெய்யியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1896இல் மறுத்துரைத்தார். ஒரு தெரிவு உயிர்த்துடிப்புடையதாகவும், தவிர்க்க முடியாததாகவும், பெருவிளைவு உடையதாகவும் இருந்து, சான்றுகளைக் கொண்டு தீர்க்க இயலாததாகவும் இருந்தால், சான்றுக்காகக் காத்திருப்பதே ஒரு தீர்மானமாகிவிடும் என்றும், அத்தகைய இடத்தில் நம்பித் துணிய மனிதருக்கு உரிமை உண்டு என்றும் அவர் வாதிட்டார். அவர் கருத்தில் கொண்டது முதன்மையாகச் சமய நம்பிக்கையே. எனினும் சாலையோரத்தில் திரி செருகிக்கொள்பவரின் நிலையை இந்த வாதம் நேர்மையாக விளக்குகிறது. இரவில், ஆளரவமற்ற சாலையில், மாற்று டயர் இல்லாமல் நிற்பவருக்கு அங்கேயே தங்குவதும் ஆபத்து, நகர்வதும் ஆபத்து. அவர் திரியிட்டு மெதுவாக அடுத்த ஊர்வரை செல்வதில் குற்றம் இல்லை. ஆனால் பஞ்சர் கடையை அடைந்ததும் அவருடைய நிலை மாறிவிடுகிறது. இப்போது டயரைக் கழற்றி உட்புறத்தைக் காண முடியும். சான்று கைக்கெட்டும் இடத்தில் இருப்பதால் ஜேம்ஸ் அளித்த உரிமை அங்கே முடிவடைகிறது. தற்காலிக ஒட்டு பிழையாவது அது இடப்பட்ட வேளையில் அன்று. தேவை தீர்ந்தபின்னும் அதையே நிலையானதாகக் கொள்ளும் வேளையில்தான்.

சமணம் இதே முடிவை வேறொரு வழியில் அடைகிறது. உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் ஏழாம் அத்தியாயத்தில் இம்சையை வரையறுக்கும்போது, உயிரைப் பிரிப்பதோடு பிரமாதம் எனப்படும் கவனமின்மையையும் அதன் உறுப்பாகச் சேர்க்கிறது. பூச்சியபாதரின் உரை இதனை விரிக்கிறது: தரையைப் பார்த்து எச்சரிக்கையோடு நடக்கும் துறவியின் காலடியில் சிற்றுயிர் ஒன்று அகப்பட்டு இறந்தாலும் அவருக்குப் பாவம் ஒட்டாது, கவனமின்றி நடப்பவருக்கோ, உயிர் இறந்தாலும் இறவாவிட்டாலும் இம்சை உறுதி. விளைவைக் கொண்டு குற்றத்தை அளக்கும் பொதுவழக்கு இங்கே தலைகீழாகிறது. அந்தப் பொதுவழக்கின் ஆற்றலைத் தாமஸ் நேகல் 1976இல் அறநெறியில் நற்பேறு என்னும் சிக்கலாக முன்வைத்தார்: பிரேக்கைச் சோதிக்கத் தவறிய லாரி ஓட்டுநரின் குறுக்கே ஒரு குழந்தை ஓடிவந்தால் அவர் அதன் சாவுக்குத் தம்மையே குற்றவாளியாக உணர்கிறார், ஓடிவராவிட்டால் அதே தவறுக்காகச் சிறிதளவே தம்மை நொந்துகொள்கிறார். உலகம் இவ்விருவரையும் வேறுவேறாக நடத்துவதற்குக் காரணங்கள் இருக்கலாம். ஆனால் புறப்படுவதற்கு முன் என்ன செய்ய வேண்டும் என்று தீர்மானிப்பவருக்கு நற்பேறு கணக்கில் வராது. அவர் கையில் இருப்பது கவனம் ஒன்றே என்பதால், சமணத்தின் அளவுகோலே அவருக்கு உரியது.

இங்கே ஒரு தடை எழும். வண்டி ஓட்டுபவர்களில் பெரும்பாலோருக்குக் கழற்றிய டயரின் உட்புறத்தைக் காட்டினாலும் எது நைந்த தடம், எது இயல்பான கோடு என்று தெரியாது. ஆகவே அவர்கள் ஒட்டுபவரின் சொல்லையே நம்ப வேண்டியிருக்கிறது. பிறர் சொல் அறிவுக்கு வாயிலாகுமா என்னும் வினாவுக்கு நியாய மரபு ஆம் என்று விடையளித்து, ஆப்தர் எனப்படும் நம்பத்தக்கவரின் சொல்லைத் தனி அளவையாக ஏற்கிறது. பொருளை நேரே அறிந்தவராகவும், அறிந்ததை அறிந்தபடியே பிறருக்குச் சொல்லும் விருப்பமுடையவராகவும் இருப்பவரே ஆப்தர் என்று நியாய சூத்திரத்துக்கு உரையெழுதிய வாத்ஸ்யாயனர் வரையறுத்தார். இவ்விலக்கணம் முனிவருக்கும் பிறநாட்டாருக்கும் ஒன்றுபோலவே பொருந்தும் என்றும் கூறினார். பிறப்பும் படிப்பும் தகுதியாகாமல், நேரடி அறிவும் உண்மை விளம்பும் மனமுமே தகுதியாகும்போது, டயரைக் கழற்றி விரலால் தடவிப் பார்த்து இது ஒட்டத் தக்கதன்று என்று சொல்லும் தொழிலாளி தம் துறையில் முனிவருக்கு நிகரான சான்றாளர். உள்ளே பார்க்காமலேயே ஒன்றும் ஆகாது என்று சொல்பவரிடம் நல்லெண்ணம் இருக்கலாம். முதல் தகுதியான நேரடி அறிவு இல்லாமையால் அவர் சொல் அளவையாகாது.

கவனத்தைப் பற்றிய இவ்வளவு வற்புறுத்தல், ஒட்டிய டயர் எதையும் நம்பாதே என்னும் மறுமுனைக்கு இட்டுச் செல்லலாகாது. திருக்குறளின் 51ஆம் அதிகாரமான தெரிந்து தெளிதல், ஆட்களைத் தேர்ந்து நம்பும் முறையை அரசனுக்குச் சொல்லும்போது, ஆராயாமல் நம்புவதையும், ஆராய்ந்து நம்பியபின் ஐயுறுவதையும் ஒரே தட்டில் வைத்து இரண்டுமே தீராத துன்பம் தரும் என்று முடிக்கிறது. முதல் பாதியை மட்டும் நினைவில் கொள்வோர் இரண்டாம் பாதியை மறந்துவிடுகிறார்கள். நடுப்பகுதியில் சிறு துளை விழுந்து, உட்புறம் ஆராயப்பட்டு, முறைப்படி மூடப்பட்ட டயரைத் தூக்கி எறிவது எச்சரிக்கைபோலத் தோன்றினாலும் அதுவும் ஒரு பிழையே. குறுக்குப் பிணைப்புகள் நிறைந்த ரப்பர் மண்ணில் எளிதில் மட்காது, எரித்தால் நச்சுப்புகை, தேங்கிய மழைநீரில் கொசு பெருகும். வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவருக்கு ஒரு புதிய டயரின் விலை பெருஞ்சுமை. சான்றுகள் இது தகுதியானது என்று சொன்னபின்னும் அச்சத்தை விடாதவர், சான்றில்லாமலே நம்பியவரைப்போல, அறிவைத் தம் தீர்மானத்துக்கு வெளியே நிறுத்திவிடுகிறார்.

இவற்றையெல்லாம் தொகுத்தால், பஞ்சரான டயரைப் பாதுகாப்பாகச் செப்பனிட முடியும் என்பதும், அந்த முடியும் என்னும் சொல் உட்புறத்தைக் கண்டவரிடமிருந்தே வர வேண்டும் என்பதும் ஒருங்கே உறுதியாகின்றன. பாதுகாப்பு என்பது ஒட்டில் மட்டும் தங்கியிருக்கும் பண்பாக இராமல், அந்த ஒட்டைப் பற்றிய அறிவிலும் தங்கியிருக்கிறது. ஒரே தரமான இரண்டு ஒட்டுகளில், ஒன்று ஆராய்ந்து இடப்பட்டதாகவும் மற்றொன்று ஆராயாமல் இடப்பட்டதாகவும் இருந்தால், முன்னதை நம்புவது தெளிவு, பின்னதை நம்புவது சூதாட்டம். இங்கிருந்து நடைமுறைக் கடமை ஒன்று பிறக்கிறது. பஞ்சர் ஒட்டுபவருக்கு ஒட்டினால் மட்டுமே கூலி என்னும் வழக்கம் இருக்கும்வரை, இது ஒட்டத் தக்கதன்று என்னும் உண்மையை அவர் தம் வருவாயை இழந்தே சொல்ல வேண்டியிருக்கிறது. கண்டதைக் கண்டபடி சொல்லும் விருப்பம் என்னும் ஆப்தரின் இரண்டாம் தகுதியை வாடிக்கையாளரே இவ்வாறு சோதனைக்கு உள்ளாக்குகிறார். டயரைக் கழற்றி உட்புறத்தைப் பார்த்ததற்குக் கூலி, ஒட்டியதற்குத் தனிக் கூலி என்று வகுத்து, விடை இல்லை என்று வந்தாலும் முதல் கூலியை மனமுவந்து கொடுப்பவர், ஒரு மனிதர் உண்மை சொல்வதற்கான வழியைத் திறந்துவிடுகிறார். நம்பத்தக்க சொல்லை எதிர்பார்க்கும் சமூகம், அச்சொல் பிறப்பதற்கான செலவையும் ஏற்க வேண்டும்.